கல்ஃப் மெடிக்கல்ல அன்ஃபிட், ஹெபடைடிஸ் பி பாசிட்டிவாம். அடுத்து என்ன பண்றது?

மலைஜீப் (வண்டன்மேடு) | மார்ச் 3, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். பதினோரு வருசமா ஏலத்தோட்ட ஜீப் ஓட்டுறேன். காலையில கம்பத்துல ஆள் ஏத்தி கம்பம்மெட்டு வழியா மேல, சாயங்காலம் இறக்கம். மச்சான் சவுதில டிரைவர் வேலை பாத்து வச்சிருந்தாரு. போன வாரம் கொச்சிக்குப் போயி மெடிக்கல் எடுத்தேன். எக்ஸ்ரே சுத்தம், சுகர் இல்ல, பிரஷர் இல்ல. கடைசில பாத்தா அன்ஃபிட். ஏன்னு கேட்டதுக்கு கண்ணாடிக்கு அங்கிட்டு இருந்த பொண்ணு மலையாளத்துல "மஞ்ஞப்பித்தம் பி" அப்படின்னு பேப்பரைத் தள்ளிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுருச்சு. எனக்குக் கிடைச்ச விளக்கம் அம்புட்டுதான்.

கண்ணு மஞ்சளா இல்ல. சோறு நல்லா இறங்குது. நேத்துகூட ரெண்டு மூட்டை காய் தூக்கி வச்சேன். வயசு 31. மாமியா விசயம் கேள்விப்பட்டு எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வச்சுட்டாங்க. நாலு வயசுப் பையனை மடியில வைக்க விடமாட்டேங்கிறாங்க. கீழாநெல்லி குடின்னு ஒருத்தர், கையில சூடு வைன்னு ஒருத்தர். யாராச்சும் வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லேப்_செல்வி (கம்பம்) | மார்ச் 3, இரவு 10.15

அண்ணே, மொதல்ல அந்தத் தட்டையும் டம்ளரையும் பழைய எடத்துலயே வைக்கச் சொல்லுங்க. இது எச்சில்ல, ஒரே தட்டுல சாப்பிடுறதுல, கட்டிப்பிடிக்கிறதுல, தும்முறதுல வர்ற வைரஸ் இல்ல. ரத்தத்துல வரும், உடலுறவுல வரும், பிரசவத்தப்ப தாய்கிட்ட இருந்து பிள்ளைக்கு வரும். பையனை மடியில வச்சுக்கோங்க. சேவிங் பிளேடு, பல் பிரஷ், நகவெட்டி மட்டும் உங்களோடது உங்களுக்குத்தான்.

அங்க எடுத்தது ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. வைரஸோட மேல் உறையில இருக்குற ஒரு புரதம். எங்க லேப்ல இதை ஒரு அட்டையில பாப்போம், விரல் நீளந்தான் இருக்கும். ரத்தத்தை மெசின்ல சுத்தவிட்டு மேல நிக்கிற தெளிவான நீரை ரெண்டு மூணு சொட்டு அதோட குழியில விடுவோம். செவப்பா ஒரு ஈரம் ஊர்ந்து மேல ஏறும். கால் மணி நேரத்துல ஒரு கோடு வந்தா நெகடிவ், ரெண்டு வந்தா பாசிட்டிவ். ரெண்டாவது கோடு சில சமயம் முடி மாதிரி மங்கலா வரும். அப்ப நான் லைட்டுக்குக் கீழ பிடிச்சுப் பாத்துட்டு எலைசாவுக்கு (இன்னும் துல்லியமான ரத்த டெஸ்ட்) எழுதிருவேன்.

அந்தக் கோடு சொல்றது ஒண்ணே ஒண்ணு, உடம்புல வைரஸ் இருக்கு. எப்ப வந்துச்சு, எம்புட்டு இருக்கு, ஈரலை அரிக்குதா சும்மா படுத்துக் கெடக்கா, எதையும் சொல்லாது. அதுக்கு வேற டெஸ்ட் இருக்கு.

ஒற்றையடி | மார்ச் 3, இரவு 10.52

*[இப்பதிவு மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது]*

மட்டுறுத்துநர் | மார்ச் 3, இரவு 11.05

"ராத்திரில எங்க போனாரோ" வகைக் கருத்துகளுக்கு இங்கே இடமில்லை. இழை தொடரட்டும்.

மூலிகைமணி (உத்தமபாளையம்) | மார்ச் 4, காலை 6.10

தம்பி, பயப்படாதீர்கள். கீழாநெல்லியை வேரோடு பறித்துக் கழுவி அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் ஒரு மண்டலம் சாப்பிடுங்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து காமாலைக்குக் கொடுத்து வருகிறோம். குணமாகாமல் திரும்பிப் போனவர் குறைவு. பணம் வாங்குவதில்லை.

லேப்_செல்வி (கம்பம்) | மார்ச் 4, காலை 8.30

ஐயா, உங்க மேல மரியாதை உண்டு, எங்க வீட்லயும் கொல்லையில அந்தச் செடி நிக்குது. ஆனா இங்கதான் ஊரே ஏமாறுது. மஞ்சக்காமாலைங்கிறது ஒரு நோயோட பேரே இல்ல, ஒரு அடையாளம். தண்ணியில வர்ற ஹெபடைடிஸ் ஏ, ஈ ரெண்டும் கண்ணை மஞ்சளாக்கும், பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல தானா இறங்கிரும். 2024ல எர்ணாகுளம் பக்கம் வேங்கூர்ல குடிதண்ணி மூலமா ஊரையே படுக்கப்போட்டது அந்த ஏ தான். அந்த நேரத்துல கீழாநெல்லி குடிச்சாலும் இறங்கும், கஞ்சி குடிச்சாலும் இறங்கும். பேரு மட்டும் கீழாநெல்லிக்குப் போயிரும்.

பி அப்படி இல்ல. அண்ணனுக்குக் கண்ணே மஞ்சளாகல, பிறகு எது இறங்குறதைப் பாத்து குணமாயிருச்சுன்னு சொல்லுவீங்க?

பழைய பேப்பர் | மார்ச் 4, காலை 11.20

கீழாநெல்லியை அப்படி ஒரேயடியா ஒதுக்கிவிட முடியாது, அதற்கு ஒரு கதை இருக்கிறது. 1988ல் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பி வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்ததில் 37 பேரில் 22 பேருக்கு ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி மறைந்தது. மருந்தில்லாத மாத்திரை கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் வாங்கிய பாருக் புளூம்பெர்க்கே அமெரிக்காவில் இந்தச் செடிக் குடும்பத்தை வைத்து ஆராய்ந்தவர்.

பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. 2011ல் எல்லா ஆய்வுகளையும் அடுக்கிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும் நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றே முடித்தது. எனக்கு அதில் வருத்தம்தான். நம் கொல்லைச் செடி ஜெயித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மூலிகைமணி (உத்தமபாளையம்) | மார்ச் 4, மதியம் 1.00

ஆய்வு தோற்றது பொடியின் தரத்தால் இருக்கலாம் அல்லவா? எந்த மண்ணில் விளைந்தது, எந்த மாதம் பறித்தது என்று யார் பார்த்தார்கள்? இருந்தாலும் தம்பி டெஸ்ட் எடுக்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

கோட்டயம் நர்ஸ் அக்கா | மார்ச் 4, இரவு 8.45

ஊர் கூடலூர், வேலை 14 வருசமா கோட்டயத்துல, அதுல எட்டு வருசம் ஈரல் வார்டு. டூட்டி முடிச்சு இப்பதான் உக்காந்தேன். நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

தம்பி, நீங்க இப்ப எடுக்க வேண்டியது: ஹெச்.பி.இ.ஏ.ஜி (வைரஸ் வேகமாப் பெருகுதான்னு பாக்க), கோர் ஐ.ஜி.எம் (தொத்து புதுசா பழசான்னு பாக்க), ஹெச்.பி.வி டி.என்.ஏ அளவு (ரத்தத்துல வைரஸ் எம்புட்டு இருக்குன்னு பாக்க), எஸ்.ஜி.ஓ.டி, எஸ்.ஜி.பி.டி (ஈரல் அடிபடுதான்னு பாக்க), பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கிற அணு), கிரியேட்டினின் (கிட்னிக்கு), வயித்து ஸ்கேன், முடிஞ்சா ஃபைப்ரோஸ்கேன் (ஈரல் எம்புட்டு இறுகியிருக்குன்னு அளக்குறது). கூடவே ஹெச்.ஐ.வி, ஹெபடைடிஸ் சி. தனியார்ல டி.என்.ஏ டெஸ்டுக்கு மட்டும் நல்லா காசு கழண்டுரும். 2018 ஜூலை 28ல தொடங்குன தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துல டெஸ்டும் மருந்தும் இலவசம். உங்களுக்குக் க.விலக்கு தேனி மெடிக்கல் காலேஜும் எட்டும், இங்கிட்டு கோட்டயமும் எட்டும். ஆதாரை எடுத்துக்கிட்டு நேராப் போயி இந்தத் திட்டத்தோட பேரைச் சொல்லிக் கேளுங்க.

ஆறு மாசத்துக்கு மேல ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி இருந்தா நாள்பட்டதுன்னு கணக்கு. இதுல வயசுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. வளந்த ஆளுக்கு இந்த வைரஸ் வந்தா நூத்துக்கு 95 பேருக்கு உடம்பே துரத்திரும். பிறந்த குழந்தைக்கு வந்தா தலைகீழ், பத்துல ஒம்பது குழந்தைகளுக்கு அப்படியே தங்கிரும். குழந்தையோட உடம்புக்கு அது எதிரின்னே தெரியாது, கூடவே வளரும். அதனால 31 வயசுல தற்செயலாக் கண்டுபிடிக்கிற ஒருத்தரைப் பாத்தா எங்க வார்டுல யாரும் "எங்க போனீங்க"ன்னு கேக்கமாட்டாங்க. "அம்மா எப்படி இருக்காங்க, கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு"ன்னுதான் கேப்பாங்க. நீக்குன பதிவைப் போட்டவருக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

அம்மா எப்படி இருக்காங்க தம்பி?

மலைஜீப் (வண்டன்மேடு) | மார்ச் 5, காலை 5.05

அக்கா, ராத்திரி முழுக்கத் தூங்கல. அம்மா இல்ல. ஒம்பது வருசமாச்சு. தோட்டத்துலதான் இருந்தாங்க, லயத்து வரிசை வீட்டுலதான் என்னைப் பெத்தாங்க. 52 வயசுல வயித்துல தண்ணி கோத்துச்சு. கால் வீங்கிப் போச்சு. ரெண்டு தடவை ஆஸ்பத்திரில ஊசி குத்தித் தண்ணி எடுத்தாங்க, மறுவாரமே ரொம்பிருச்சு. வாழ்க்கையில ஒரு சொட்டு குடிச்சதில்ல, ஆனா எழவுக்கு வந்த ஒரு ஆளு "பொம்பளையும் குடிச்சா இப்படித்தான்"னு திண்ணையில உக்காந்து பேசுனதைக் காதால கேட்டேன். இன்னிக்கு வரைக்கும் அந்த ஆளை ஜீப்ல ஏத்துறதில்ல.

ஒரு அக்கா இருக்கு, 38 வயசு, சின்னமனூர்ல கட்டிக்குடுத்தது.

ஆள் ஏத்தப் போகணும். அப்புறம் வாறேன்.

கோட்டயம் நர்ஸ் அக்கா | மார்ச் 5, மதியம் 2.30

கண்ணு கலங்குது தம்பி. அக்காவைக் கண்டிப்பா டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, உங்க டெஸ்டுக்கு முன்னாடியே எடுத்தாலும் நல்லது. உங்க மனைவியும் பையனும் எடுக்கணும். வைரஸும் இல்ல, எதிர்ப்பு சக்தியும் இல்லன்னா மனைவிக்குத் தடுப்பூசி: இன்னிக்கு ஒண்ணு, ஒரு மாசத்துல ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. மூணும் போட்டு ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு ஆன்டி ஹெச்.பி.எஸ் (எதிர்ப்பு சக்தி அளவு) பாக்கணும், 10க்கு மேல இருந்தா பாதுகாப்பு வந்துருச்சு. அதுவரைக்கும் ஆணுறை.

பையனோட தடுப்பூசி அட்டையை எடுத்து மொத வரியைப் பாருங்க.

இன்னொண்ணு, அம்மாவோட பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு எதாச்சும் வீட்ல கெடந்தா தேடி எடுங்க. அது ஏன்னு அப்புறம் சொல்றேன்.

நகரிவாசி | மார்ச் 5, மாலை 6.15

நான் ஆந்திரா பக்கம், நகரியில தறி வச்சிருக்கேன். எங்க வீதியிலயும் தமிழ்தான், ஆஸ்பத்திரிச் சீட்டு மட்டும் தெலுங்குல வரும். 90கள்ல இந்தத் தடுப்பூசி வெளிநாட்டுச் சரக்கு, சாமானியன் விலை கேட்டுட்டுத் திரும்பிருவான். 1997ல ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டுலயே ஈஸ்ட்டை வச்சுத் தயாரிச்சு இறக்குன பிறகுதான் விலை மளமளன்னு சரிஞ்சது. அப்ப எங்க ஊர்ல கேம்ப் போட்டாங்க, எங்கப்பா வரிசையில நின்னு மூணு டோஸும் போட்டுக்கிட்டாரு.

ஒரு சின்ன விசயம். திருமலை கல்யாணகட்டையில மொட்டைக்கு டோக்கனோட பிளேடும் நம்ம கையில கொடுத்துருவாங்க, ஆளுக்கு ஆள் புதுசு. அதே ஆளு ஊர் சலூன்ல உக்காந்தா பிளேடு மாத்துனாங்களான்னு கேக்கக் கூச்சப்படுறான். இந்த வைரஸ் காஞ்ச ரத்தத்துல, உடம்புக்கு வெளிய 7 நாள் வரைக்கும் உசுரோட இருக்கும்.

ஏலக்காய்ச்சாமி (பாம்பாடும்பாறை) | மார்ச் 6, இரவு 7.50

சலூனை விடுங்க சார். எங்க தோட்டத்துப் பக்கம் முன்ன ஒருத்தர் பை தூக்கிட்டு வருவாரு. காய்ச்சல், மேல்வலி எதுவா இருந்தாலும் ஒரு ஊசி. கண்ணாடி சிரிஞ்சை ஒரு எவர்சில்வர் டப்பாவுல சுடுதண்ணி ஊத்தி வச்சிருப்பாரு. காலையில ஊத்துன தண்ணி மத்தியானம் பச்சைத் தண்ணியாத்தான் இருக்கும். அதே ஊசி லயம் முழுக்கச் சுத்தி வரும். நாங்க வரிசையா முழங்கையை நீட்டிக்கிட்டு நிப்போம். ஊசி போடலன்னா அவரு டாக்டரே இல்லன்னு ஜனமும் நெனச்சது, அவரை மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்ண.

கோட்டயம் நர்ஸ் அக்கா | மார்ச் 6, இரவு 9.30

2009ல குஜராத் மோடாசாவுல நடந்தது இதேதான், போட்ட ஊசியையே திரும்பப் போட்டு பி வைரஸ் பரவி நெறையப் பேரு செத்துப்போனாங்க. அது நடந்தது டிஸ்போசபிள் சிரிஞ்ச் பெட்டிக்கடை வரைக்கும் கிடைச்ச காலத்துல.

மலைஜீப் (வண்டன்மேடு) | மார்ச் 14, இரவு 10.05

பையனுக்கு நெகடிவ். அவன் அட்டையில பிறந்த அன்னைக்கே ஹெபடைடிஸ் பி போட்டதா தேதி, கையெழுத்தோட இருக்கு. 6, 10, 14ஆவது வாரம் பென்டாவும் (அஞ்சு நோய்க்கு ஒரே ஊசி, பியும் அதுல சேத்தி) போட்டிருக்கு. பொண்டாட்டிக்கும் நெகடிவ், மொத டோஸ் போட்டாச்சு. மாமியா இன்னிக்கு அவங்களாவே என் தட்டை எடுத்து மத்த தட்டோட அடுக்குனாங்க. ஒண்ணும் பேசல. நானும் பேசல.

அக்காவுக்குப் பாசிட்டிவ்.

லேப்_செல்வி (கம்பம்) | மார்ச் 14, இரவு 10.40

அந்தப் பென்டா ஊசியை நாட்டுலயே மொதல்ல கொண்டாந்தது கேரளாவும் தமிழ்நாடும்தான், 2011 டிசம்பர்ல. நம்ம மலைக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வந்துச்சு. அதுக்கு முன்ன பிறந்த நீங்களும் உங்க அக்காவும் நானும் அந்தப் பஸ்ஸைத் தவறவிட்ட ஆளுங்க. நான் லேப் வேலைக்குச் சேந்தப்ப போட்டுக்கிட்டேன்.

இளங்கன்று | மார்ச் 15, காலை 9.00

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நான் 5 மாசம். எனக்கும் பாசிட்டிவ்னு இப்பதான் சொன்னாங்க. இதைப் படிச்சுட்டு கை நடுங்குது. பிள்ளைக்கு?

கோட்டயம் நர்ஸ் அக்கா | மார்ச் 15, காலை 9.25

நடுங்காதம்மா, நல்ல நேரத்துல தெரிஞ்சிருக்கு. டி.என்.ஏ அளவு பாக்கச் சொல்லு. 2 லட்சம் ஐ.யுக்கு மேல இருந்தா ஏழாவது மாசம் போல வைரஸை அடக்குற டெனோஃபோவிர் மாத்திரை ஆரம்பிப்பாங்க, வயித்துப் பிள்ளைக்கு அது ஆகும். ஆஸ்பத்திரிலதான் பெத்துக்கணும், லேபர் ரூமுக்குள்ள போறப்பவே "எனக்கு பி பாசிட்டிவ்"னு வாய்விட்டுச் சொல்லணும், சீட்டுல இருக்கும்னு நம்பி இருக்காத. குழந்தை பிறந்து 12 மணி நேரத்துக்குள்ள ஒரு தொடையில தடுப்பூசி, இன்னொரு தொடையில இம்யூனோகுளோபுலின் (தயாரா இருக்குற எதிர்ப்பு சக்தியை ஏத்துற ஊசி). ஞாயித்துக்கிழமை, ஸ்டாக் இல்ல, நாளைக்குப் பாப்போம்னு யாரும் தள்ளக்கூடாது. அதனால இப்பவே கேட்டு வச்சுக்கோ. பிறகு வழக்கமான ஊசி எல்லாம். தாய்ப்பால் தாராளமாக் கொடுக்கலாம். 9 மாசத்துக்கு மேல குழந்தைக்கு ஒரு டெஸ்ட்.

மலைஜீப் (வண்டன்மேடு) | ஏப்ரல் 9, இரவு 9.15

எல்லா ரிசல்ட்டும் வந்துருச்சு. எனக்கு ஐ.ஜி.எம் நெகடிவ், இ.ஏ.ஜி நெகடிவ், டி.என்.ஏ 640, எஸ்.ஜி.பி.டி 28, ஃபைப்ரோஸ்கேன் 5.1. பழைய தொத்துதான், இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வா, தண்ணியடிக்காதேன்னு டாக்டர் சொன்னாரு.

அக்காவுக்குத்தான் கஷ்டம். ஃபைப்ரோஸ்கேன் 14. பிளேட்லெட் குறைவு. சிரோசிஸ் ஆரம்பம், ஈரல் தழும்பேறி இறுகுதுன்னாங்க. அது இத்தனை நாள் அசதியா இருக்குன்னு சொல்லும், நாங்க வேலைக்குச் சோம்பல்னு கேலி பண்ணுவோம். டெனோஃபோவிர் 300 ஆரம்பிச்சாச்சு, தினம் ஒண்ணு. எண்டோஸ்கோபிக்கும் எழுதியிருக்காங்க. இது குணமாகுமா, எத்தனை மாசத்துல நிறுத்தலாம்?

கோட்டயம் நர்ஸ் அக்கா | ஏப்ரல் 9, இரவு 10.30

நிறுத்துறதைப் பத்தி இப்ப நெனைக்கவே கூடாது. இந்த மாத்திரை வைரஸ் பெருகுறதை அடக்கும், வேரோட பிடுங்காது. ஈரல் செல்லோட கருவுக்குள்ள வைரஸோட டி.என்.ஏ ஒரு வட்டமா ஒளிஞ்சு கிடக்கும். மாத்திரை தீந்துபோச்சு, உடம்பு நல்லாருக்குன்னு ஒருத்தர் அவராவே நிறுத்திட்டு மூணு மாசம் கழிச்சு எங்க வார்டுக்குக் கண்ணு எலுமிச்சம்பழமா வந்தாரு. சிரோசிஸ் உள்ளவங்களுக்கு அந்த மாதிரி கிளம்பிச்சுன்னா உசுருக்கே ஆபத்து. ஆனா ஒழுங்கா சாப்பிட்டா அக்காவோட ஈரல் தேறுறதுக்கு நெசமாவே வாய்ப்பு இருக்கு, வருசங்கள் போகப்போகத் தழும்பு குறைஞ்சவங்களைப் பாத்திருக்கேன். கிரியேட்டினின் அப்பப்ப பாக்கணும், கிட்னிக்காக. ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன், ஏ.எஃப்.பி ரத்த டெஸ்ட், ஈரல் புற்று வருதான்னு பாக்க.

அக்காவுக்குப் பிள்ளைகள் இருக்காங்களா? எல்லாருக்கும் டெஸ்ட். உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை: நாளைக்கு வேற எந்த நோய்க்குனாலும் ஸ்டீராய்டு, கீமோன்னு யாராச்சும் எழுதுனா பி இருக்குன்னு முன்கூட்டியே சொல்லிருங்க. தூங்குறதை அது எழுப்பி விட்டுரும்.

அம்மாவோட பேப்பர் கிடைச்சதா?

மூலிகைமணி (உத்தமபாளையம்) | ஏப்ரல் 10, காலை 6.00

மகளே, சிரோசிஸ் என்ற பிறகு அந்தப் பெண் எந்தப் பச்சிலையும் தொட வேண்டாம், என்னுடையதையும் சேர்த்துத்தான். ஒரு கேள்வி: என்னிடம் காமாலை என்று வருகிறவர்களை முதலில் எந்த டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும்?

லேப்_செல்வி (கம்பம்) | ஏப்ரல் 10, காலை 8.20

ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி, ஹெபடைடிஸ் சி, எல்.எஃப்.டி (ஈரல் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்க), பி.டி ஐ.என்.ஆர் (ரத்தம் உறையுற நேரம்). இந்த நாலையும் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க ஐயா. தூக்கம் தலைகீழாகுறது, பேச்சு குழறுறது, வாந்தி நிக்காம இருக்குறது, இதுல ஒண்ணு இருந்தாலும் சீட்டெல்லாம் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிக்கு.

மலைஜீப் (வண்டன்மேடு) | மே 18, இரவு 11.00

அம்மாவோட டிரங்குப் பெட்டி அப்பா ரூம்ல பரண் மேல கிடந்துச்சு. சீலைக்கு அடியில, ரேசன் கார்டுக்கும் கீழ, பழைய ஸ்கேன் கவர். பிலிம் ஒண்ணோடு ஒண்ணு ஒட்டிப்போச்சு. பேப்பர் நல்லாத்தான் இருக்கு. செல்விக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஈரலோட வலது பக்கம் 6 சென்டிமீட்டர் கட்டின்னு எழுதியிருக்காம். எங்ககிட்ட அப்ப யாருமே சொல்லல, இல்ல சொன்னது எங்களுக்குப் புரியல.

கோட்டயம் நர்ஸ் அக்கா | மே 18, இரவு 11.25

இதுக்குத்தான் தேடச் சொன்னேன் தம்பி. 2024ல உலக சுகாதார நிறுவனம் போட்ட வழிகாட்டுதல்ல, குடும்பத்துல ஈரல் புற்றோ சிரோசிஸோ இருந்தா, டி.என்.ஏ கம்மியா இருந்தாலும் மாத்திரை ஆரம்பிக்க அதை ஒரு காரணமா எடுத்துக்கலாம்னு இருக்கு. அம்மாவுக்கு அந்தக் கட்டி என்னன்னு ஊசி எடுத்துப் பாத்திருக்க மாட்டாங்க, ஆனா அக்காவோட சிரோசிஸே கையில ரிப்போர்ட்டா இருக்கு. முடிவை டாக்டர்தான் எடுக்கணும். அடுத்த ஆறு மாசம் வரைக்கும் காத்திருக்காம இந்தப் பேப்பரையும் அக்கா ரிப்போர்ட்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க. ஸ்கேனும் தள்ளிப்போடாதீங்க.

மலைஜீப் (வண்டன்மேடு) | மே 19, காலை 4.50

வியாழக்கிழமை வண்டிய இன்னொருத்தர்கிட்ட விட்டுட்டு க.விலக்கு போறோம். சின்னமனூர்ல அக்காவையும் அது பிள்ளைக ரெண்டையும் ஏத்திக்கிறேன். திண்ணையில பேசுன அந்த ஆளு நேத்து கம்பம் ஸ்டாண்டுல நின்னாரு, அவரு மகனுக்கும் ரத்தம் குடுக்கப் போன எடத்துல இதே பி சொல்லியிருக்காங்களாம், எங்க போகணும்னு கேட்டாரு. முன் சீட்டுல உக்காருங்கன்னு சொல்லிட்டேன்.

இந்த இழையோட லிங்க்கை அவரு மகன் நம்பருக்கு அனுப்பியிருக்கேன். வந்து கேட்டான்னா மொதல்ல இருந்து சொல்லுங்க.

லேப்_செல்வி (கம்பம்) | மே 19, காலை 7.15

வரச்சொல்லுங்கண்ணே. அண்ணிக்கு ரெண்டாவது டோஸ் ஏப்ரல் 14லயே போட்டிருக்கணும், அட்டையைப் பாத்து போட்டாச்சான்னு சொல்லுங்க.